காதொலிக் கருவியும் இசைச் செல்வமும்

மனிதனுடைய செவிவாயிலில் நாள்தோறும் இருவர் வந்து நிற்கின்றனர். ஒருவர் பேச்சு, மற்றொருவர் இசை. பேச்சு அலுவலை எடுத்துக்கொண்டு வருவது. இசை கைவீசிக்கொண்டு வருவது. ஆயினும் அது வந்து சென்ற வீட்டில் வெளிச்சம் தங்குகிறது. காது மந்தமானவர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே குறைகின்றன. எனினும், அக்குறையைத் தீர்க்க உலகம் கண்ட கருவிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின் ஓர் உண்மை விளங்கும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காதுக்குத் துணைக்கருவி செய்தோர் பெரும்பாலும் பேச்சையே மனத்திற்கொண்டு செய்தனர். இசை வாயிற்படியிலேயே நின்றது. அதனை உள்ளே வருகவென்று அழைத்தது மிக அண்மைக் காலத்தில்தான். பழைய கருவியை மாற்றிப் புதிய கருவி வாங்க எண்ணும் இசையன்பர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

உள்ளங்கையைக் குவித்துக் காதின் பின்னே வைத்துக்கொள்வதுதான் உலகின் முதல் காதொலிக் கருவி. அதற்கு விலையும் இல்லை, பழுதும் இல்லை. இக்குவிந்த கையைப் பெரிதாக்கி, மாட்டுக் கொம்பாலும் தகரத்தாலும் வெள்ளியாலும் செய்தபோது ஊதுகொம்பு போன்ற செவிக்குழல் தோன்றிற்று. அகன்ற வாய் ஒலியைத் திரட்டும். ஒடுங்கிய முனை அதனைக் காதுக்குள் செலுத்தும். 1800-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ரெயின் என்பவர் இத்தகைய குழல்களைச் செய்து விற்கும் தொழிலகத்தை நிறுவினார். போர்ச்சுக்கல் நாட்டு மன்னர் ஆறாம் ஜானுக்காக 1819-இல் அத்தொழிலகம் ஓர் அரியணையைச் செய்து கொடுத்தது. அதன் கைப்பிடிகள் இரண்டும் வாய் திறந்த சிங்கங்கள். குறை சொல்ல வந்தவர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயருகே பேசுவார். ஒலி உள்ளே புகுந்து, குழல் வழியாக மன்னரின் செவியை அடையும். அரசர்க்குரிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிங்கத்தின் வாயருகே ஒரு பாடகரை அமர்த்திப் பாட்டுக் கேட்பது எங்ஙனம்? குழலுக்கென்று ஓர் இயல்பு உண்டு. அதன் நீளத்திற்கும் அகலத்திற்கும் ஏற்பச் சில சுரங்களை மட்டும் மிகுத்து ஒலிக்கச் செய்யும், மற்றவற்றைக் கைவிட்டுவிடும். பேச்சுக்கு அது போதும். இசைக்கோ, ஏழு சுரங்களுள் இரண்டை உரக்கவும் ஐந்தை முனகலாகவும் பாடுவது போன்றதாகிவிடும்.

இந்த உண்மையை உலகிலேயே அதிகமாக உணர்ந்து வருந்தியவர் பீத்தோவன். 1770-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, வியன்னாவில் புகழ் பெற்ற அவருக்கு முப்பது வயது நிறைவதற்குள்ளாகவே செவி மங்கத் தொடங்கியது. 1801-இல் தம் நண்பரான மருத்துவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நாடக அரங்கில் வாத்தியக் குழுவை மிக நெருங்கி அமர்ந்தால்தான் நடிகர் பேசுவது விளங்குகிறதென்றும், சற்று விலகினால் வாத்தியங்களின், குரல்களின் உச்ச சுரங்கள் கேட்பதில்லை என்றும் அவர் தெரிவித்தார். அடுத்த ஆண்டு ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து தம் தம்பியர்க்கென எழுதிவைத்த மடலில், உடன் நின்றவர் தொலைவில் ஒலித்த குழலிசையைக் கேட்கத் தாம் ஒன்றும் கேளாமல் நின்ற துன்பத்தைக் குறித்திருக்கிறார். பேச்சு கேளாமற்போவது அவருக்கு நாணத்தைத் தந்தது. இசை கேளாமற்போவது உயிரையே விட்டுவிடலாமோ என்னும் எண்ணத்தைத் தந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அம்மடல் காட்டுகிறது.

அவருக்குச் செவிக்குழல்கள் செய்து கொடுத்தவர் மெல்ட்செல் என்னும் பொறியறிஞர். தாளக் கணக்கைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவிக்குப் பின்னர் உரிமை பெற்றவரும் இவரே. 1812 முதல் 1814 வரையுள்ள காலத்தில் இவர் செய்த குழல்கள் இன்றும் பான் நகரில் பீத்தோவன் பிறந்த இல்லத்தில் காட்சிப் பொருள்களாக இருக்கின்றன. இசைக்கே கருவி செய்தவர், இசைமேதைக்கே செய்து கொடுத்த கருவிகள் அவை. ஆயினும் அவற்றால் விளைந்த பயன் சிறிதே. 1818 முதல் பார்க்க வந்தவர்கள் தாங்கள் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். அதே காலத்தில் இலண்டன் பிராட்வுட் நிறுவனம் உரத்த ஒலியுடைய பியானோ ஒன்றை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பியது. காதுக்கு வலிமை தர இயலாத காலத்தில், வாத்தியத்திற்கு வலிமை தந்து பார்த்தனர் எனலாம். 1824-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அவருடைய ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் முதன்முறையாக அரங்கேறியது. அவையோர் கைதட்டியது அவருக்குக் கேட்கவில்லை. பாடகி ஒருவர் அவரைத் திருப்பி நிறுத்தியபின்னரே அசைகின்ற கைகளைக் கண்டு அறிந்துகொண்டார். அத்தகையவருக்கே கருவி இசையைத் தர முடியவில்லை என்றால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே மற்றோர் அம்மையாரையும் நினைத்தல் தகும். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாய் எலிசா அவர்கள். அவருக்குக் காது பெரிதும் மந்தம். எனினும் அவர் நன்றாகப் பியானோ வாசிப்பார். தம் மகனுக்கும் கற்றுக் கொடுத்தார். அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் நுட்பமானது. பிறர் பேசுவதற்கென்று இருந்த செவிக்குழலின் வாயைப் பியானோவின் ஒலிப்பலகைமேல் பொருத்திக்கொண்டு வாசிப்பாராம். மரத்தின் அதிர்வு குழலேறி நேரே செவிக்குள் இறங்கும். பேச்சுக்காகப் பிறந்த கருவியைத் தம் விருப்பத்தால் இசைக்கருவியாக்கிக்கொண்டவர் இவர். கருவி செய்தவன் எண்ணாததைக் கருவி அணிந்தவர் எண்ணினார். இந்த வரலாற்றில் இனிமேலும் இத்தகைய நிகழ்ச்சியை நாம் காண்போம்.

1876-இல் பெல் கண்ட தொலைபேசியே மின்சாரக் காதொலிக் கருவிக்குப் பாட்டியாக அமைந்தது. தொலைபேசியில் பேச்சை மின்னோட்டமாக மாற்றுவதற்குக் கரித்தூள் அடைத்த ஒலிவாங்கி பயன்பட்டது. அதே கரித்தூள் ஒலிவாங்கியையும் மின்கலத்தையும் காதில் வைக்கும் ஒலிபெருக்கியையும் ஒன்றாக இணைத்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் காதுக்கருவியாக்கினார். இங்கிலாந்து அரசி அலெக்சாண்டிரா அதனைப் பயன்படுத்தி மகிழ்ந்து அவருக்குப் பதக்கம் அளித்தார் என்பர். இதே ஹட்சிசன்தான் மோட்டார் வண்டிகளுக்கான கிளாக்சன் என்னும் அலறும் ஊதுகுழலையும் படைத்தவர். ஒரு கையால் ஊராரின் காதைக் கெடுத்து, மறு கையால் அதற்கு மருந்து விற்கிறார் என்று அக்காலத்தார் நகையாடினர்!

பாட்டியின் குணம் பேரப்பிள்ளைக்கும் வந்தது. தொலைபேசியில் பேசுகிறவர் இன்னார் என்று அறியலாம். அவர் சொல்வது விளங்கும். ஆனால் அதில் ஒருவர் பாடினால் அந்தப் பாட்டு மெலிந்து, வற்றி, தகரத்தில் தட்டியது போலிருக்கும். இதற்குக் காரணம் உண்டு. பேச்சை விளங்கச் செய்வதற்கு வினாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளே போதும் என்று தொலைபேசித் துறையினர் பின்னர் வரையறுத்தனர். இசையின் எல்லையோ மிகப் பரந்தது. பியானோவின் அடிச்சுரம் வினாடிக்கு சுமார் 27 அதிர்வு. உச்ச சுரம் 4,186 அதிர்வு. அதனோடும் நில்லாமல், ஒவ்வொரு சுரத்தின் தலைமீதும் மேற்சுரங்கள் பல ஏறி நிற்கின்றன. அவற்றாலேதான் வீணையின் சட்சமும் வயலினின் சட்சமும் வேறு வேறு என்று நாம் அறிகிறோம். மேற்சுரங்களை வெட்டிவிட்டால் சுரம் இருக்கும். வாத்தியத்தின் முகம் இராது. கரித்தூள் கருவி நடுவிலுள்ள ஒலிகளை மட்டும் ஓரளவு எடுத்துக் கொடுத்தது. அவற்றோடு எண்ணெயில் அப்பளம் பொரிப்பது போன்ற ஓர் இரைச்சலையும் இலவசமாகக் கொடுத்தது.

1920-களில் வால்வு வந்தது. வானொலிப் பெட்டியை ஒளிரச் செய்த அதே வால்வுதான். அதனால் ஒலி தூய்மை அடைந்தது, வலிமையும் பெற்றது. ஆனால் தொடக்கத்தில் கருவி ஒரு பெட்டியளவு இருந்தது. பின்னர்ச் சட்டைப் பையில் கருவியும் இடுப்பில் மின்கலமுமாக மனிதர் சுமந்து திரிந்தனர். இரண்டாம் உலகப் போர் செவி கெட்ட வீரர் பல்லாயிரவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்கு எத்தகைய கருவி தருவது என்ற வினா எழுந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்களும் பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டளவில் முடிவு வெளியிட்டனர். 1948-இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது, பிரிட்டனில் மெட்ரெஸ்கோ என்னும் கருவி விலையின்றி வழங்கப்பட்டது. எளியவர்க்கும் கருவி கிடைத்தது பெரும் புண்ணியம். எனினும் அவ்வாராய்ச்சிகள் எதை அளவுகோலாகக் கொண்டன? சொற்களை உரக்கச் சொல்லி, எத்தனை சொற்கள் விளங்கின என்று எண்ணிப் பார்த்தன. பாட்டு அந்தத் தேர்வில் இடம்பெறவில்லை. எதனை அளக்கிறோமோ அதுவே வளரும், அளக்காதது வளராது. பேச்சு அளக்கப்பட்டது, இசை அளக்கப்படவில்லை.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதனை முதன்முதலில் விலைக்கு வந்த பொருளாக மக்கள் கையில் சேர்த்தவற்றுள் காதொலிக் கருவியும் ஒன்று என்பது பலர் அறியாதது. 1952-இன் இறுதியில் சோனோடோன் என்னும் நிறுவனம் இரு வால்வுகளும் ஒரு டிரான்சிஸ்டரும் கொண்ட கருவியை வெளியிட்டது. டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது அதற்கு ஈராண்டு கழித்தேயாம். காது கேளாதோர்க்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த கிரகாம் பெல்லின் நினைவைப் போற்றும் பொருட்டு, காதொலிக் கருவி செய்வோரிடம் டிரான்சிஸ்டருக்கான உரிமைத்தொகையைப் பெறுவதில்லை என்று அக்கூடத்தார் முடிவு செய்தனர். இதன்பின் கருவி சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியின் காம்புக்கு ஏறியது. அங்கிருந்து காதின் பின்புறத்தில் குடியேறியது. பிறகு காதுக்குள்ளேயே புகுந்துகொண்டது. உருவம் சுருங்கிற்று. ஆனால் உள்ளே குடிகொண்ட நோக்கம் மாறவில்லை. அது பேச்சுக்கருவியாகவே இருந்தது.

செவி எவ்வாறு கெடுகிறது என்பதைச் சிறிது அறிந்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். காதின் உள்ளே நத்தைக் கூட்டைப் போன்ற ஓர் உறுப்பு சுருண்டு கிடக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாயிலுக்கு அருகில் உள்ளவை உச்ச ஒலிக்கும், உட்கோடியில் உள்ளவை அடியொலிக்கும் அசைந்து கொடுக்கும். முதுமையாலும் பேரிரைச்சலாலும் முதலில் கெடுபவை வாயிலருகே நிற்பவை. எனவே குழலின் நாதமும் தாளத்தின் கணீர் ஒலியும் முதலில் விடைபெறுகின்றன. அன்றியும், கெட்ட செவிக்கு ஒரு விந்தைக் குணம் வந்து சேர்கிறது. மெல்லொலி கேட்பதில்லை, ஆனால் பேரொலி மட்டும் நல்ல செவிக்குக் கேட்பது போலவே, சில வேளை அதனினும் மிகையாகக் கேட்கிறது. “உரக்கப் பேசுங்கள்” என்று சொன்ன பெரியவர், உரக்கப் பேசியதும் “ஏன் கத்துகிறீர்கள்?” என்று கடிந்துகொள்வது இதனாலேயே. ஆகவே, எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்கும் கருவி அவருக்குத் துன்பமே தரும்.

கருவியால் தீராத குறையும் உண்டு என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. பிரெஞ்சு இசையறிஞர் ஃபோரே 1905 முதல் 1920 வரை பாரிஸ் இசைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். அவர் செவி மந்தமானதோடு திரிந்தும்போயிற்று. அடிச்சுரங்கள் சற்று மேலாகவும் உச்ச சுரங்கள் சற்றுக் கீழாகவும் கேட்டன. நடுப்பகுதி மட்டுமே செம்மையாக ஒலித்தது. சுருதியே சிதைந்து கேட்கும் செவிக்கு, உரக்கக் கேட்பது மேலும் துன்பமே. காதொலிக் கருவி கண்ணாடியைப் போன்றது அன்று. கண்ணாடி ஒளியைச் சரியான இடத்தில் சேர்த்தால் விழித்திரை பார்த்துக்கொள்ளும். காதிலோ திரையே கிழிந்திருக்கிறது. கிழிந்த திரையில் எவ்வளவு தெளிவாகப் படம் காட்டலாம் என்பதே கருவி செய்வோரின் பணி.

அப்பணியை இசைக்காகவும் செய்யலாம் என்று துணிந்து காட்டியவர் அமெரிக்க அறிஞர் மீட் கில்லியன். அவர் பொறியியலும் அறிந்தவர், இசையும் பயின்றவர். 1979-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆராய்ச்சியேட்டின் பொருளே உயர்தர ஒலிநயமுடைய காதொலிக் கருவியை ஆக்குவது எப்படி என்பதுதான். நுண்ணிய ஒலிவாங்கிகள் அப்போது செம்மை அடைந்திருந்தன. ‘நல்ல இசைப்பெட்டி தரும் நயத்தைக் காதில் வைக்கும் கருவி ஏன் தரலாகாது?’ என்பதே அவர் எழுப்பிய வினா. 1980-களின் இறுதியில் கே-ஆம்ப் என்னும் அவருடைய மின்சுற்று வெளிவந்தது. அதன் கொள்கையை ஒரே வரியில் சொல்லலாம்: மெல்லொலியை வளர்த்துக் கொடு, பேரொலியைத் தொடாமல் விட்டுவிடு. கச்சேரியில் ஆலாபனையின் நுண்ணிய இழைவு வளர்க்கப்படும். தனியாவர்த்தனத்தின் முழக்கம் உள்ளவாறே செவிக்குச் செல்லும். செவியின் விந்தைக் குணத்தை அறிந்து அதற்கேற்ப வகுத்த முறை இது. இக்கருவியை அணிந்த வாத்தியக்காரர் பலர் அதனைப் பிரிய மனமின்றி நெடுங்காலம் வைத்திருந்தனர்.

அவர்கள் ஏன் பிரிய மனமின்றி இருந்தனர்? இங்கேதான் நம் வரலாறு ஓர் எதிர்பாராத திருப்பத்தை அடைகிறது. 1996-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு நிறுவனங்களான வைடெக்ஸ், ஓடிகான் இரண்டும் முழுதும் இலக்கமுறையில் இயங்கும் சிறு கருவிகளை வெளியிட்டன. கருவிக்குள் ஒரு கணிப்பொறியே குடிபுகுந்தது. ஒலி முழுவதும் எண்களாக மாற்றப்பட்டு, ஆராயப்பட்டு, திருத்தப்பட்டு, மீண்டும் ஒலியாக வெளிவந்தது. பேச்சைப் பொறுத்தவரை இது பெரியதொரு முன்னேற்றம். கடைத்தெருவிலும் கலியாண வீட்டிலும் எதிரே இருப்பவர் பேசுவதைப் பிரித்தெடுத்துக் கேட்கும் வசதி வந்தது. கருவி அடிக்கடி ‘கீ’ என்று கூவும் தொல்லையும் குறைந்தது. பழைய கருவியை எறிந்துவிட்டுப் புதியதை அணிந்தோர் பேச்சு தெளிவதைக் கண்டு மகிழ்ந்தனர். ஆனால் மாலையில் இசை கேட்க அமர்ந்த அவருட் பலர் திகைத்தனர். பழைய கருவியில் இனித்த இசை, புதிய கருவியில் கசந்தது!

அதற்குக் காரணம் மூன்று. முதலாவது, கொள்ளளவு. எதிரே இருப்பவர் பேசும் பேச்சு சுமார் 65 டெசிபல் அளவில் ஒலிக்கிறது. இசைக்குழுவின் முழக்கமோ 100 டெசிபலையும் தாண்டும். அக்காலத்து இலக்கமுறைக் கருவிகளில் ஒலியை எண்ணாக மாற்றும் முதல் வாயில் பேச்சின் அளவுக்கே அமைக்கப்பட்டிருந்தது. உழக்கில் ஒரு படி நெல்லைக் கொட்டினால் வழிந்து சிந்துவது போல, இசையின் உச்சங்கள் அந்த வாயிலிலேயே சிதைந்தன. முதல் வாயிலில் சிதைந்ததை, பின்னால் இருக்கும் எந்தக் கணிப்பும் சீராக்க முடியாது.

இரண்டாவது, இரைச்சலை அடக்கும் ஏற்பாடு. பேச்சு விட்டுவிட்டு ஏறி இறங்கும். மின்விசிறியின் ஓசை ஒரே சீராக நீடிக்கும். எனவே சீராக நீடிப்பதெல்லாம் இரைச்சல் என்று கருவிக்குக் கற்பித்தனர். தம்பூராவின் சுருதி சீராக நீடிப்பது அன்றோ? மனிதன் எதனைச் சங்கீதத்தின் நிலமாகக் கொள்கிறானோ, அதனைக் கருவி இரைச்சலாகக் கொண்டு தணித்துவிடக்கூடும். மூன்றாவது, கூவலை அடக்கும் ஏற்பாடு. கருவியின் கூவலும் தூய்மையான ஒற்றைச் சுரமே. புல்லாங்குழலின் நெடுஞ்சுரமும் அத்தகையதே. கருவி குழலொலியைத் தன் கூவல் என்று மயங்கி, அதனை அழிக்க எதிரொலி ஒன்றை எழுப்பும். சுரம் தேயும், அல்லது நடுங்கும். சுரம் நின்ற பின்னும் ஒரு கீச்சொலி தங்கும். குழலோசைக்குக் கருவி செய்த கைம்மாறு இது! கருவியின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அதற்குப் பேச்சு ஒன்றையே கற்பித்திருந்தோம். கற்பித்ததை அது திறம்படச் செய்தது.

இக்குறைகளை எடுத்துக்காட்டி எழுதியும் பேசியும் வந்தோருள் கனடா நாட்டுச் செவித்திறன் வல்லுநர் மார்ஷல் சேசின் குறிப்பிடத்தக்கவர். இசைவாணர்களின் செவியைக் காப்பதையே தம் தொழிலாகக் கொண்டவர் அவர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2015-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, காதொலிக் கருவி அணிவோர் இசை கேட்பதில் படும் இன்னல்களை அவர்களிடமே கேட்டு அறிந்தது. பலருக்கு இன்னல் உண்டு என்பதும், மருத்துவ நிலையத்தில் இசையைப் பற்றிய பேச்சு எழுவது அரிது என்பதும் அதனால் தெளிவாயின. கருவி அணிந்தோரின் முறையீடு வீண்போகவில்லை. 110 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியையும் சிதையாமல் ஏற்கும் வாயிலுடைய கருவிகள் பின்னர் வந்தன. இசைக்கென்றே தனி ஏற்பாடு வைக்கும் வழக்கமும் பரவியது. பெல்லின் தாய் பியானோப் பலகையில் குழலைப் பொருத்திய அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. கேட்பவர் வேண்டினார், கருவி வளைந்து கொடுத்தது.

இனி, பழைய இணைக் கருவியை மாற்ற எண்ணுவோர்க்கு இவ்வரலாறு தரும் பாடங்களைத் தொகுத்துச் சொல்வோம். நம் ஊர்களில் ‘காது மிஷின்’ வாங்கச் செல்பவர் பெரும்பாலும் இரண்டே கேட்கிறார்: விலை என்ன? வெளியே தெரியுமா? மூன்றாவதாக ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நான் இசை கேட்பவன், இதில் இசைக்கு என்ன ஏற்பாடு? அந்த ஏற்பாட்டில் இரைச்சல் அடக்கமும் கூவல் அடக்கமும் நிறுத்தப்பட்டோ தளர்த்தப்பட்டோ இருத்தல் வேண்டும். ஒலியை அமுக்கிச் சீராக்கும் வேலை மென்மையாக இருத்தல் வேண்டும். உச்ச ஒலியைக் கீழே இறக்கிக் காட்டும் வசதி பேச்சுக்குச் சிலர்க்கு உதவும். இசையிலோ அது மேற்சுரங்களை இடம் மாற்றிவிடும். ஆகவே அதனை விலக்கச் சொல்லலாம். காதை அடைக்காத சிறு முனையில் அடியொலி வெளியே கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஏன் மெலிந்தது என்று ஐயுறுவோர் இதனையும் வல்லுநரிடம் கேட்டல் நலம்.

புதிய கருவியை ஒரே நாளில் தீர்ப்பிடலாகாது. பல்லாண்டு பழைய ஒலிக்குப் பழகிய மூளைக்குப் புதிய ஒலி முதலில் கூர்மையாகவும் அயலாகவும் தோன்றும். சில வாரம் அணிந்து, நன்கு பழகிய பாட்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும். அறிந்த பாட்டே உரைகல். அறியாத பாட்டில் குறை பாட்டினதா கருவியினதா என்று தெரியாது. குறையைச் சொல்லும்போதும் ‘நன்றாக இல்லை’ என்பது போதாது. உரத்த இடத்தில் சிதைகிறதா, நெடுஞ்சுரம் நடுங்குகிறதா, அடியொலி மெலிகிறதா என்று பிரித்துச் சொன்னால் வல்லுநர் திருத்த முடியும். பழைய இணை இன்னும் உழைக்குமாயின் அதனை எறிந்துவிட வேண்டா. பேச்சுக்குப் புதியதும் கச்சேரிக்குப் பழையதுமாக வைத்துக்கொண்டு வாழும் இசையன்பர்கள் உலகில் உண்டு. பழையதனால் பயனில்லை என்பதும் இல்லை. புதியதனால் எல்லாம் ஆகும் என்பதும் இல்லை.

பணச் செலவில்லாத உபாயங்களும் உண்டு. வானொலி கேட்கும்போது வானொலியின் ஒலியைக் குறைத்து வையுங்கள். கருவியின் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கருவியின் முதல் வாயிலில் நெரிசல் குறையும். இசை சிதையாமல் உள்ளே செல்லும். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்து வருந்துகின்றனர். உரத்த கச்சேரியில் கருவியின் ஒலிவாங்கித் துளைமேல் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள்ளும் தந்திரத்தையும் வல்லுநர் சொல்வதுண்டு. குறை சிறிதாயின், அத்தகைய கச்சேரியில் கருவியைக் கழற்றிவிட்டே கேட்கலாம். பேரொலி நல்ல செவிக்குப் போலவே கெட்ட செவிக்கும் கேட்கும் என்பதை முன்னரே கண்டோம்.

“வயதான காலத்தில் பேச்சு விளங்கினால் போதாதா? பாட்டு எதற்கு?” என்று வினவுவோர் உளர். நேயர்களே, அந்த வினாவிலேதான் இருநூறாண்டு வரலாற்றின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. பேச்சு மனிதனைப் பிறரோடு இணைக்கிறது, உண்மை. ஆனால் இளமையில் கேட்ட தாலாட்டும் திருவிழா இரவின் நாகசுரமும் மனிதனை அவனுடைய வாழ்நாளோடு இணைக்கின்றன. முதுமையில் மக்கள் அவரவர் வேலையைப் பார்க்கச் சென்றபின், பேச வருவார் குறைந்துபோன வீட்டில், கடைசிவரை உடனிருக்கும் துணை இசையே. அத்துணையைத் தேவைக்கு மேற்பட்ட ஆடம்பரம் என்று ஒதுக்குவது முறையாகாது.

வீட்டில் ஒரு பெரியவர் வானொலிக்கு முன் அமர்வதை நிறுத்திவிட்டாரானால், அவருக்கு ஆர்வம் குன்றிவிட்டது என்று எண்ணி வாளாவிருத்தல் வேண்டா. காதில் உள்ள கருவி பேச்சைக் கொடுத்து இசையை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். “அப்பா, பாட்டு உங்களுக்கு இப்போது எப்படிக் கேட்கிறது?” என்று ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். கூடச் சென்று வல்லுநரிடமும் அதையே சொல்லுங்கள். பீத்தோவனுக்கு அக்காலத்துக் குழல்களால் வழி பிறக்கவில்லை. நமக்கு வழி உண்டு. கேட்டால் திறக்கும் வாயில் அது.